ஆல்டூனாவின் ஆட்டக்காரர்



இது விளையாட்டுச் சிறப்பிதழ். அட்டையில் கோப்பையோடு சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பேட்டிகள், சாதனைப் பட்டியல்கள், நடுப்பக்க வண்ணப்படம் என்று நீங்கள் எதிர்பார்க்கும் எல்லாமே உண்டு. வென்றவர்களைப் பற்றி எழுத ஆசிரியர் குழுவில் போட்டா போட்டி. யார் யாருக்கு எத்தனை பக்கம் என்று முடிவு செய்வதற்குள் தலை சுற்றிவிட்டது. அதனால் என் பங்குக்கு வந்த இந்த இடத்தையாவது எந்த அட்டையிலும் ஏறாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

அவர் பெயர் ட்ரூ மேஜி. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடியவர். மேஜர் லீக் என்கிற உச்சத்தில் அவர் ஆடியது மூன்றே மூன்று ஆட்டங்கள். அதற்கு முன்பு, கீழ்நிலை லீக்குகளில் ஆடியது 1,155 ஆட்டங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் மனிதரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

பேஸ்பால் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சில வரிகளில் சொல்லிவிடலாம். பக்கத்துக்கு 90 அடி அளவுள்ள ஒரு சதுரம். அதன் ஒரு மூலையில் மட்டையாளர் நிற்பார். அடித்துவிட்டு, பேஸ் எனப்படும் மற்ற மூன்று மூலைகளையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். அந்தச் சதுரத்தைக் காவல் காப்பவர்கள் நான்கு பேர்: ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், அப்புறம் இரண்டாவது மூலைக்கும் மூன்றாவது மூலைக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப். இவர்கள்தான் இன்ஃபீல்டர்கள். தரையோடு சீறி வரும் பந்துகளெல்லாம் முதலில் இவர்கள் காலடிக்குத்தான் வரும். மேஜி இந்த நான்கில் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கக்கூடியவர்.

இனி அந்த ஏணியைப் பார்ப்போம். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றிலும் 26 பேர் என்று வைத்தால், உச்சியில் மொத்தம் 780 இடங்கள்தான். அவற்றின் கீழே டிரிப்பிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, சிங்கிள் ஏ என்று படிப்படியாக நான்கு நிலைகளில் 120 மைனர் லீக் அணிகள். அதற்கும் கீழே புதுமுகங்களுக்கான பயிற்சி முகாம்கள். மைனர் லீக் அணிகள் எல்லாம் ஏதாவது ஒரு மேஜர் லீக் அணியின் கிளைகள். யாரை மேலே ஏற்றுவது, யாரைக் கீழே இறக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதையெல்லாம் தலைமை அணி முடிவு செய்யும். ஆட்டக்காரர் கையில் இருப்பது பெட்டியைக் கட்டுவது மட்டும்தான்.

மேஜி 1989-ல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸில் பிறந்தவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 2010-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை 15-வது சுற்றில் தேர்வு செய்தது. 15-வது சுற்று என்றால் என்ன பொருள்? அணிகள் முதல் சில சுற்றுகளில் எடுப்பவர்கள்மேல் கோடிகளைக் கொட்டும், பொத்திப் பொத்தி வளர்க்கும். பின்சுற்றுக்காரர்களுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. நன்றாக ஆடினால் இரு, இல்லாவிட்டால் போ. மேஜி நன்றாகத்தான் ஆடினார். ஆனால் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு யாருக்கும் அவர் அவசரமாகத் தேவைப்படவில்லை. பைரேட்ஸ், ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், கிளீவ்லாந்து, மினசோட்டா ட்வின்ஸ், ஃபிலிஸ், மறுபடியும் பைரேட்ஸ் என்று அவர் கைமாறிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. மைனர் லீக்கில் ஒப்பந்த ஆண்டுகள் முடிந்தும் தலைமை அணி தன் கைவசம் வைத்துக்கொள்ளும் 40 பேர் பட்டியலில் இடம் கிடைக்காதவர், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்த கையோடு விடுவிக்கப்படுவார். நவம்பர் பிறந்தால் வேலை கிடையாது. பிறகு குளிர்காலம் முழுக்கத் தொலைபேசிக்குக் காத்திருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டு மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தால் வசந்தகாலப் பயிற்சிக்குப் போகலாம். வயது 25 என்றால் கூப்பிடுவார்கள். 30 தாண்டினால் அந்த அழைப்பு ஒவ்வொரு ஆண்டும் தள்ளித் தள்ளி வரும். 2020-ல் கொரோனாவால் மைனர் லீக் பருவம் முழுதுமே ரத்தானது. அப்போது மேஜிக்கு வயது 31. அந்த வயதில் ஓர் ஆண்டு போனால் போனதுதான்.

அடுத்த ஆண்டு, 2021 செப்டம்பரில், ட்வின்ஸ் அணி அவரை மேலே அழைத்தது. மேஜர் லீக் சீருடை மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர்கள் அமரும் இடத்தில் உட்கார்ந்தார். ஆடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சில நாட்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காததால் மேஜர் லீக்கில் ஆடியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. அங்கே இப்படி வந்து உட்கார்ந்து, ஆடாமலே திரும்பியவர்களை ஆவி ஆட்டக்காரர்கள் என்றே சொல்வார்கள். மேஜியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்.

2023 ஏப்ரலில் அவர் இருந்தது ஆல்டூனாவில். பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் ரயிலால் பிழைத்த பழைய ஊர் அது. ஊருக்கு அருகே மலையைச் சுற்றிக் குதிரை லாடம்போல வளைந்து போகும் புகழ்பெற்ற ரயில் பாதை உண்டு. ஊர் அணிக்கும் ‘ஆல்டூனா கர்வ்’ என்று அந்த வளைவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மைதானத்தின் வலதுபக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் அப்போது எழும்பி நின்றது. இது டபுள் ஏ அணி, அதாவது உச்சியிலிருந்து இரண்டு படி கீழே. உடன் ஆடுபவர்களில் பெரும்பாலோர் அவரைவிடப் பத்து வயது சின்னவர்கள்.

அங்கே பிட்ஸ்பர்க்கிலிருந்து தகவல் வந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் பிரையன் ரெய்னால்ட்ஸ் குடும்பத் துக்கத்துக்காக விடுப்பில் போகிறார், அந்த இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஆல்டூனா அணியின் மேலாளர் காலிக்ஸ் கிராப் இதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. அணிக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். சுற்றியிருந்த இளைஞர்கள் ஆர்ப்பரித்து எழுந்து வந்து கட்டிக்கொள்ள, மேஜி கேட்டதை நம்பமுடியாதவராக இருந்தார். அந்தக் காணொளியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதில் என் கண் போனது கிராப்பின் மேல்தான். அவரும் பழைய செகண்ட் பேஸ்காரர். மைனர் லீக்கில் ஆண்டுக்கணக்காக ஆடி, 2008-ல் சான் டியேகோ அணிக்காக மேஜர் லீக்கில் 21 ஆட்டங்கள் மட்டும் ஆடியவர். அந்தச் செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 26, புதன்கிழமை இரவு. பிட்ஸ்பர்க்கில் டாட்ஜர்ஸ் அணியோடு ஆட்டம். பைரேட்ஸ் 8-1 என்று வென்ற ஆட்டம் அது. எட்டாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்க வேண்டியவர் ஆண்ட்ரூ மெக்கட்சன். 2013-ல் தன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், பிட்ஸ்பர்க் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அவருக்குப் பதிலாக மேஜியை இறக்கினார்கள். தங்கள் செல்லப்பிள்ளையை உட்காரவைத்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பினால் கூட்டம் முணுமுணுக்கும்தானே? மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. மேஜியின் பெற்றோரும் பார்வையாளர்களோடு இருந்தார்கள். பந்து வீசியவர் டாட்ஜர்ஸின் இடதுகைக்காரர் அலெக்ஸ் வெசியா. மேஜி பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். திரும்பி நடந்தபோதும் கைதட்டல் ஓயவில்லை. அவருக்கு 34 வயது நிறைய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் முறையாகப் பந்தை அடித்து பேஸை எட்டினார், அதாவது முதல் ஹிட். அடுத்த சில நாட்களில் மறுபடியும் ஆல்டூனா. மேஜர் லீக்கில் 43 நாட்கள் இருந்துவிட்டால் ஆயுளுக்கும் ஓய்வூதிய உரிமை உண்டு. அவருக்கு அதில் சில நாட்களே கணக்கில் ஏறின. அதே வாரத்தில்தான், விடுப்பில் போயிருந்த ரெய்னால்ட்ஸுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 10 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஒப்பந்தம் முடிவானது. பைரேட்ஸ் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத தொகை. யாரும் அநியாயம் செய்துவிடவில்லை. ரெய்னால்ட்ஸ் அத்தனைக்கும் தகுதியானவர். ஒரே அணியின் ஒரே வாரத்தில் இரண்டு விதி. அவ்வளவுதான்.

மேஜியின் கதையைச் சொல்பவர்கள் இரண்டு மாதிரிச் சொல்கிறார்கள். ஒரு சாரார், பார்த்தாயா, விடாமுயற்சி வீண்போகாது, பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார், கடைசியில் கதவு திறந்தது என்பார்கள். இன்னொரு சாரார், பாவம், மூன்று ஆட்டத்துக்காக இளமை முழுவதையும் தொலைத்துவிட்டார் என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இரண்டுமே அந்த 1,155 ஆட்டங்களைக் காத்திருப்பு என்று நினைக்கின்றன. அவர் காத்திருக்கவில்லை, ஐயா, வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாலையும் அந்தந்த ஊரில் சனங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று அவர் பந்து பிடித்தார். அந்த ஆட்டம் அவர்களுக்கு ஒத்திகையா என்ன?

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எல்லா இடத்திலும் ஆடும் இன்ஃபீல்டரின் பையைத் திறந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கையுறைகள் இருக்கும். செகண்ட் பேஸில் நிற்கும்போது மாட்டுவது சின்னது, ஆழம் குறைந்தது. பந்து அதற்குள் புதைந்துவிடக் கூடாது. பிடித்த மறுகணம் மற்றக் கை விரல்களுக்கு அது அகப்பட வேண்டும். தேர்ட் பேஸில் பந்து நெருப்பாக வரும். அங்கே ஆழமான, பெரிய கையுறை. ஃபர்ஸ்ட் பேஸுக்கு விரல் பிரியாத, அகன்ற தனிவகை. புதிய கையுறையின் தோல் விறைப்பாக இருக்கும். எண்ணெய் தடவி, பந்தை ஓங்கி ஓங்கி அறைந்து, கையின் வடிவத்துக்கு அதை வளைத்துப் பழக்க வேண்டும். இப்படி எல்லாவற்றையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும், இன்று எங்கே நிற்கச் சொல்வார்கள் என்பது மைதானத்துக்கு வந்த பிறகுதான் தெரியும் என்பதால்.

இனி அந்த வேலையில் ஒரே ஒரு நொடியை எடுத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் பேஸில் எதிரணிக்காரர் ஒருவர் நிற்கிறார். மட்டையாளர் தரையோடு அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. அவர் அதை அள்ளி செகண்ட் பேஸை நோக்கி எறிகிறார். இந்தப் பக்கமிருந்து ஓடிவரும் செகண்ட் பேஸ்காரர் பந்தையும் பேஸையும் ஒருசேரச் சந்திக்க வேண்டும். காலால் பேஸைத் தொட்டு, உடம்பைத் திருப்பி, ஃபர்ஸ்ட் பேஸுக்குக் குறி வைத்து வீச வேண்டும். அவரை நோக்கி ஓர் ஆள் முழுவேகத்தில் சறுக்கிக்கொண்டு வருவார். மட்டையாளர் ஃபர்ஸ்ட் பேஸை எட்ட எடுப்பது நாலேகால் நொடி போலத்தான். அதற்குள் மூன்று பேர் கைக்குப் பந்து மாறி, இரண்டு பேர் ஆட்டமிழக்க வேண்டும். இதைப் பழக ஆண்டுகள் ஆகும். மறக்காமலிருக்க ஒவ்வொரு நாளும் செய்தாக வேண்டும். மேஜர் லீக்கிலும் ஆல்டூனாவிலும் அந்த 90 அடி ஒன்றேதான்.

கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். பந்தியில் ஆள் குறைந்தால் வாளியைத் தூக்குவார், வாசலில் ஆள் இல்லையென்றால் பன்னீர் தெளிப்பார், வண்டி வரவில்லையென்றால் சாவியைக் கேட்பார். வீடியோவில் மட்டும் இருக்க மாட்டார். பல இடங்களில் ஆடும் இன்ஃபீல்டர் கிட்டத்தட்ட அவர்தான். இவர்களைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜோயல் யங்பிளட் கதை. செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், அவுட்ஃபீல்ட் என்று எங்கே சொன்னாலும் ஆடியவர்.

1982 ஆகஸ்ட் 4. நியூயார்க் மெட்ஸ் அணிக்காக யங்பிளட் சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் 1988 வரை விளக்கே கிடையாது. அதனால் ஆட்டம் பகலில். ஃபெர்குசன் ஜென்கின்ஸ் வீச்சில் ஒரு ஹிட் அடித்து இரண்டு ரன்களுக்கு வழிசெய்தார். கொஞ்ச நேரத்தில் அவரை வெளியே அழைத்து, உன்னை மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எக்ஸ்போஸுக்கு அன்று இரவு ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். ஆள் பற்றாக்குறை. மனிதர் உடனே கிளம்பினார். கையுறையை மறந்துவிட்டது நினைவுக்கு வரவே, மைதானத்துக்குத் திரும்பிப் போய் அதை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார். ஃபிலடெல்ஃபியா சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. களமிறங்கி, ஸ்டீவ் கார்ல்டன் வீச்சில் இன்னொரு ஹிட். ஒரே நாளில் இரண்டு ஊர், இரண்டு அணி, இரண்டு ஹிட். பந்து வீசிய இருவருமே பின்னாளில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற மேதைகள். வேறு யாருக்கும் இல்லாத சாதனை இது. கைமாற்றப்பட்ட அன்று மாலையே புது முதலாளியிடம் வேலைக்குப் போனதால் கிடைத்த சாதனை.

இதே வரிசையில் மைக் ஹெஸ்மன் என்று ஒருவர். தேர்ட் பேஸிலும் ஃபர்ஸ்ட் பேஸிலும் ஆடிய, வாட்டசாட்டமான மனிதர். 1996 முதல் 2015 வரை ஆடி, மைனர் லீக்கில் 433 ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டும் அடிகள், அடித்தார். அமெரிக்க மைனர் லீக்குகளில் அவரைவிட அதிகம் அடித்தவர் அதுவரை யாருமில்லை. பழைய சாதனையைத் தன் 37-வது வயதில் டொலீடோ ஊர் அணிக்காக முறியடித்தார், அதுவும் மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க அடித்த ஹோம் ரன்னால். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியிலும் இருந்தார். மேஜர் லீக்கில் அவருக்குக் கிடைத்தவை 109 ஆட்டங்கள், அடித்தவை 14 ஹோம் ரன். உச்சத்தின் பந்துவீச்சுக்கு அவர் மட்டை முழுவதுமாக ஈடுகொடுக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக டொலீடோவில் அவர் அடித்த பந்துகள் சுவரைத் தாண்டிப் போகாமலா இருந்தன?

மைனர் லீக்கில் இத்தனை பேரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி போட்ட கணக்கு அது. நட்சத்திரங்களை விலைக்கு வாங்கப் பணமில்லாதவர், சின்ன ஊர் அணிகளைக் கைக்குள் கொண்டுவந்து, அங்கே ஆட்டக்காரர்களை நாமே விளைவிப்போம் என்றார். பண்ணை முறை என்றே அதற்குப் பெயர். நூறு ஆண்டுகளாக அதுதான் நடக்கிறது. ஆனால் 19 வயது மேதை ஒருவனைத் தனியாக நிறுத்தி வளர்க்க முடியாது. அவனோடு களத்தில் நிற்க எட்டுப் பேர் வேண்டும், எதிரே ஓர் அணி வேண்டும். அவன் செகண்ட் பேஸுக்கு எறியும் பந்தைச் சரியாகப் பிடித்துத் திருப்ப ஒருவர் வேண்டும். தோற்ற இரவில் ஆறுதல் சொல்லவும், நன்றாக ஆடிய இரவில் தலைக்கனத்தைத் தட்டவும் மூத்தவர் ஒருவர் வேண்டும். மேஜியைப்போன்றவர்கள் அந்தப் பண்ணையின் உபரி அல்லர். அவர்கள் இல்லாவிட்டால் பண்ணையே நடக்காது.

அப்படித் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தது என்ன? பல ஆண்டுகள், வெட்கப்படும் அளவுக்குக் குறைந்த கூலி. பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். பருவத்துக்கு முந்தைய பயிற்சிக்கு ஒன்றும் கிடையாது. அரை டஜன் பேர் ஒரே வீட்டில் தரையில் படுத்தார்கள், குளிர்காலத்தில் கிடைத்த வேலைக்குப் போனார்கள். 2014-ல் மயாமி அணியின் முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர் ஆரன் சென்னே, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியாவது கொடுங்கள் என்று வழக்குத் தொடர்ந்தார். ஆட்டக்காரர்கள் பக்கம் நின்ற வழக்கறிஞர் காரெட் பிராஷூயிஸும் முன்பு மைனர் லீக்கில் பந்து வீசியவர். முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 2018-ல் ஒரு பெரிய செலவின மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் சேர்க்கவைத்து, மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் நேரக் கூலி தர வேண்டியதில்லை என்று சட்டமே ஆக்கிக்கொண்டார்கள். நாட்டின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம் என்று அதற்குப் பெயர் வேறு!

ஆனாலும் வழக்கு தொடர்ந்து நடந்தது. 2022-ல் 18 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக லீக் ஒத்துக்கொண்டது. அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 மார்ச் இறுதியில் அவர்களது முதல் கூட்டு ஒப்பந்தம் முடிவானது. டபுள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 டாலர் ஆனது. மேஜியைப் பிட்ஸ்பர்க் அழைத்தது அதற்குச் சில வாரம் கழித்து.  மேஜர் லீக்கில் அப்போது குறைந்தபட்சமே 7,20,000 டாலர். நாள் கணக்கில் சுமார் 3,870 டாலர். ஆல்டூனாவில் பழைய குறைந்தபட்சக் கணக்கின்படி ஒருவர் ஆறு வாரத்துக்கு மேல் உழைத்து வாங்குவதை பிட்ஸ்பர்க்கில் ஒரே நாளில் வாங்கிவிடலாம்.

வாழ்நாள் முழுக்கக் கீழ்ப்படியில் ஆடியவர்களுக்கு அதன் பிறகு என்ன ஆகிறது? ரான் ஷெல்டன் என்று ஒருவர். பால்டிமோர் அணியின் பண்ணையில் இன்ஃபீல்டராக இருந்து, டிரிப்பிள் ஏ வரை வந்து, மேஜர் லீக்கை எட்டாமலே விலகியவர். பின்னால் திரைப்பட இயக்குநரானார். 1988-ல் அவர் எடுத்த ‘புல் டர்ஹாம்’ ஒரு மைனர் லீக் அணியைப் பற்றியது. மேதைப் பந்துவீச்சாளன் ஒருவனைப் பழக்குவதற்காகக் கீழே அனுப்பப்பட்ட மூத்த ஆட்டக்காரர்தான் கதாநாயகன். அவருக்குப் பெயர் தேடியபோது ஒரு பழைய சாதனைப் புத்தகத்தில் ‘கிராஷ்’ டேவிஸ் என்ற பெயர் ஷெல்டன் கண்ணில் பட்டது. நிஜ டேவிஸும் இன்ஃபீல்டரே. 1940 முதல் 1942 வரை ஃபிலடெல்ஃபியா அணிக்காக ஆடி, பிறகு 1948-ல் அதே டர்ஹாம் ஊர் அணிக்காக ஆடியவர். ஆட்டத்தை விட்டபின் துணி ஆலை நிறுவனத்தில் வேலை பார்த்தவரை, பல ஆண்டு கழித்து அந்தப் படம் திடீரென்று ஊரறிந்த பெயராக்கியது. பேஸ்பால் படங்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால் இன்றும் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். உச்சத்தைப் பார்க்காதவர், பேருந்திலும் மலிவு விடுதியிலும் பார்த்ததை வைத்து எடுத்த படம்.

இதையெல்லாம் சொல்லி நான் எங்கே வருகிறேன் என்றால், விடாமுயற்சியைப் புகழ்வது நமக்கு மிகவும் சுலபம். புகழ்ச்சிக்குச் செலவில்லை. ஆசைப்பட்டுத்தானே செய்கிறான் என்று சொல்லிக்கொண்டே ஒருவனுக்குப் பாதிக் கூலி கொடுப்பதும் அதே மூச்சில் நடக்கிறது. பிட்ஸ்பர்க் கூட்டம் எழுந்து நின்ற அந்தக் கணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, கண்கலங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை, அவர்கள் ஒரு நாள் மேடையேறினால்தான் என்று இருக்கக் கூடாது. ஆல்டூனாவில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அரைவாசி காலியான மைதானத்தில் சுத்தமாக ஆடிய இரட்டை அவுட்டுக்கும் அந்த மரியாதை உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் காட்டச் செய்தது கைதட்டல் அல்ல, வழக்கும் சங்கமும்.

நம் பத்திரிகையிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒற்றுப்பிழை விடாமல் மெய்ப்பு பார்ப்பவர்கள், நள்ளிரவில் விளம்பரம் மாறினால் பக்கத்தை மறுபடி அடுக்குபவர்கள், எந்தப் பகுதிக்கு ஆள் வராவிட்டாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்பவர்கள். அவர்கள் பெயரைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுகிறோம். இந்த இதழில் அந்த எழுத்தை இரண்டு புள்ளி பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். அது போதாது என்று எனக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், தொழிலில், பள்ளியில், பணிமனையில் இப்படி நீண்ட காலம் நின்று வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பதவி உயர்வு வாங்கியவராக இருக்க வேண்டியதில்லை, விருதும் வேண்டாம். கஷ்டப்பட்டார், தியாகம் செய்தார் என்று பொதுவாக எழுதாதீர்கள். அவர் என்ன வேலை செய்கிறார், கையில் என்ன கருவி, அதை எப்படிப் பிடிக்கிறார், எதைச் செய்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை எழுதுங்கள். அவருக்கு என்ன சம்பளம் என்பதையும் அவர் சம்மதித்தால் எழுதுங்கள். நல்லவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். எழுதியவருக்கும், எழுதப்பட்டவருக்கும் சன்மானம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்